கோமதிநாயகம் நிறுத்திய கடிகாரம்

சீடருக்கு ஐம்பத்தோரு வயது, குருவுக்கு முப்பத்தாறு. இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. கோமதிநாயகம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்து, உமையாளிடம் தொழில் கற்கச் சேர்ந்தவர் அவர்.

உமையாளின் அலுவலகம் பாளையங்கோட்டையில் இரண்டே அறை. கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைய வழி இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு, திருடன் மாதிரியே நுழைந்து பார்த்துச் சொல்வதுதான் தொழில்.

அந்த வாரம் ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டிருந்தது. கோமதிநாயகம் தனியாகச் செய்த முதல் சோதனை அது.

மனிதர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரத்த வங்கிக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியின் நம்பரே அங்கே தெரியும்படி செய்திருந்தார். டெலிபோன்காரருக்கு அது கைவந்த வேலை. எடுத்தவர் லேப் டெக்னீஷியன் ஜெசிந்தா.

"எமர்ஜென்சில இருந்து பேசுதேன். பிள்ளைத்தாச்சி ஒருத்தி, ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. இங்க ஸ்கிரீன் பூட்டிக்கிட்டு. உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க, ரெண்டு உசிரு!"

ஜெசிந்தா சொல்லிவிட்டார். பதினேழு நொடிதான் ஆனது.

பாஸ்வேர்டு கைக்கு வந்துவிட்டால் சோதனை முடிந்தது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அவர் போனை வைத்தார். ரெக்கார்டரை நிறுத்தினார். நேரம் குறிக்க ஓடவிட்டிருந்த கடிகாரத்தையும் நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை உமையாளின் மேசைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தில் 'பலவீனமான இடம்' என்று ஒரு கட்டம். அதில் ஜெசிந்தாவின் பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தார். அந்தக் கட்டத்தில் பெயர் வந்தால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்காது. இது அவருக்கும் தெரியும்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார். "எத்தனை பூட்டுப் போட்டாலும் உள்ள இருக்க ஆளு திறந்து விட்டுருதாங்க. அப்போ மனுஷங்கதான பலவீனம்?"

உமையாள் பக்கங்களைப் புரட்டினார்.

"பாஸ்வேர்டு சொன்னதுக்கு அப்புறம் அவங்க என்ன செஞ்சாங்க?"

"தெரியாது மேடம். நான்தான் நிறுத்திட்டேன்லா."

"சரி. இது எங்கிட்ட இருக்கட்டும். நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வாரேன். நீங்க ஆபீசைப் பாத்துக்கோங்க அண்ணாச்சி."

மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார்.

"சார், எமர்ஜென்சில இருந்து பேசுதேன். பிள்ளைத்தாச்சி ஒருத்தி, ரத்தம் நிக்கவே மாட்டேங்கு. உங்க சோதனையால இங்க ஸ்கிரீன் பூட்டிக்கிட்டு. உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க, ரெண்டு உசிரு!"

தான் பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்தும் அடையாளம் தெரியாத தகப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? அன்று கோமதிநாயகத்தைப் பார்த்திருக்கலாம். தன்னால் ஒரு உயிர் போகப் போகிறது! சோதனையில் ஏதாவது பூட்டிக்கொண்டால் திறக்க, ஆஸ்பத்திரி அவரிடம் ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தது. எல்லாக் கதவையும் திறக்கும் அது. ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை சொன்னார்.

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. மேடத்துக்குத் தெரிந்தால்? வருகிற போனையெல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும் என்பது அலுவலகச் சட்டம். நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், பிறகு இரண்டையும் மூடிவைத்துவிட்டார்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. உமையாளோடு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்.

"போன் எதுவும் வந்துதா அண்ணாச்சி?"

"இல்லையே மேடம்."

உமையாள் ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்து வாசித்தார். அந்தப் பாஸ்வேர்டு. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

கோமதிநாயகம் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"இவங்கதான் ஜெசிந்தா. உங்ககூடப் பேசுனதும் இவங்கதான். போன்ல வாசிச்சது உங்க அறிக்கையில ஏழாம் பக்கம், நீங்க செவ்வாய்க்கிழமை பேசுன பேச்சு. சோதனைங்கிற வார்த்தை மட்டும் நான் சேத்தேன்."

தன் வார்த்தை! ராத்திரி பகலாக உட்கார்ந்து, அடித்து அடித்துத் திருத்தி எழுதிய வார்த்தை. அதை வைத்தே அவரை அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அழுதாங்களே மேடம்!" என்று கத்தினார். "நெசமாவே அழுதாங்களே!"

"நடிக்கல சார்," என்றார் ஜெசிந்தா. "அதை வாசிச்சதும் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துட்டு. அன்னைக்கு நீங்க போனை வச்சப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. நாலு நிமிஷத்துல நானே எமர்ஜென்சிக்குப் போட்டேன்."

"எதுக்கு?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு கேக்கத்தான் சார். அப்படி ஒரு கேசே வரலைன்னாங்க. உடனே பாஸ்வேர்டை மாத்திட்டேன். சூப்பிரண்டண்ட்கிட்ட நானே எழுதியும் குடுத்துட்டேன்."

உமையாள் அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்.

ஜெசிந்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க சார். நீங்களும் கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். அதான் நானும் மேடமும் எமர்ஜென்சிப் போன் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தோம்."

அந்த ஒரு மணி நேரத்தில் தான் எதையெல்லாம் நினைத்தோம் என்று அவர் தேடிப் பார்த்தார். மேடத்தை நினைத்தார், நோட்டை நினைத்தார், தன் பெயரை நினைத்தார். அந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஒரு தடவைகூட நினைப்பில் வரவில்லை.

மேசையில் கிடந்த அறிக்கையை இழுத்தார். கடைசிக் கட்டத்தில் இருந்த பெயரை அடித்தார். பேனா தாளைக் கிழித்தது.

"இங்க என் பேரை எழுதட்டா மேடம்?"

"பேரு வேண்டாம் அண்ணாச்சி," என்றார் உமையாள். "நாப்பது நிமிஷம் நின்னோம், போன் அடிக்கல. அதை எழுதுங்க."