மயில் உரிமை கொண்டாடிய மேளம்

கரீபியன் கடலில் ஒரு கரும்புத் தீவு இருந்தது. அதை மயில்கள் ஆண்டன. கரும்புத் தோட்டத்தில் பூச்சி பொறுக்குவதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து கினிக்கோழிகளைக் கூண்டில் அடைத்து, கப்பலில் கொண்டுவந்திருந்தன.

கோழிகள் பகலெல்லாம் உழைத்தன. பொழுது சாய்ந்ததும் பொந்து மரங்களை அலகால் தட்டி, இழந்த உறவுகளைப் பெயர் சொல்லி அழைத்தன. அந்தத் தட்டலில் பேச்சு இருக்கிறது என்று தெரிந்ததும் அப்போதைய மயில் ராஜா பயந்துபோனது. மரங்களை வெட்டச் சொன்னது. கோழிகள் மூங்கிலைத் தரையில் இடித்து வாசித்தன. அதற்கும் தடை வந்தது. பிறகு, அவற்றின் பிள்ளைகள் கரையில் ஒதுங்கிய தகரப் பீப்பாய்களைக் கொத்திக் கொத்திக் குழியாக்கின. குழிக்கொரு சுரம் பிறந்தது.

அந்த இசையின் புகழ் தீவு தீவாகப் பரவியது. உடனே, தடைபோட்ட ராஜாவின் பேரனுக்கு ஆசை வந்துவிட்டது. இது தன் பாட்டனார் இயற்றிய அரண்மனை இசை என்றது. இனி அரண்மனைக்கு வெளியே யாரும் வாசிக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அதற்குச் சாட்சி சொல்லவும் ஒரு கினிக்கோழி கிடைத்தது. குவாசி என்று பெயர். அரண்மனைத் தானியத்தில் கொழுத்து, சொந்த இனத்தையே ‘கூண்டுக் கும்பல்’ என்று ஏளனம் செய்து திரிந்த பிறவி.

திருவிழாவில் பல தீவுப் பறவைகளும் கூடின. இசை யாருடையது என்று கோழிகள் தொடுத்த வழக்கைக் கேட்க, நடுவராகக் கூழைக்கடா வந்து அமர்ந்தது.

“எங்களுக்கு ஏது இசை? எல்லாம் எஜமானர் போட்ட பிச்சை” என்றது குவாசி.

அதன் தாய் அபேனா முன்னே வந்தது. பீப்பாயைத் தட்டத் தொடங்கியது. கினிக்கோழிகள் எல்லாம் தலைகுனிந்து எழுந்து நின்றன.

கூழைக்கடா மயிலிடம், “இப்போது வாசித்ததற்கு என்ன பொருள்?” என்று கேட்டது.

“பொருளாவது! தகரச் சத்தம், அவ்வளவுதான்.”

“கப்பலிலேயே செத்து, கடலில் வீசப்பட்டவர்களின் பெயர்கள்” என்றது அபேனா. “கடைசியாகத் தட்டியது, இதோ நிற்கிறானே குவாசி, இவனுடைய பாட்டன் பெயர்.”

கூட்டம் மயிலைப் பார்த்துக் காறித் துப்பியது. இசை கோழிகளுடையதே என்று கூழைக்கடா தீர்ப்புச் சொன்னது. அவமானம் தாங்காத மயில், ஒழுங்காகச் சாட்சி சொல்லத் தெரியாத கழுதை என்று குவாசியைக் கொத்தி விரட்டியது.

குவாசி தாயின் பக்கத்தில் போய் நின்றது. அபேனா ஒதுங்கி இடம் கொடுத்தது. குவாசி பீப்பாயைத் தட்டியது, தாளம் வரவில்லை. தகரத்தைக் கீறியதுதான் மிச்சம். குஞ்சுகள்கூடச் சிரித்தன.

பிழைப்புக்காகத் தன் வேரை இழிவுபடுத்துகிறவனை எஜமானும் மதிக்கமாட்டான். அவன் திரும்பி வந்தாலும் தன் வீட்டு மொழியே அவனுக்கு விளங்காது.