கண்ணுக்குத் தெரியாத தீ

தூத்துக்குடியில் நாலு மாலுமிகள் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான், அதுவும் அடிக்கடி லீவில் போய்விடும். மூத்தவன் பெர்க்மான்ஸ். அவன் ஏறவேண்டிய புதுக் கப்பல் டீசலில் ஓடாது, மெத்தனாலில் ஓடும். அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் திங்கட்கிழமை கப்பலில் கால் வைக்க முடியாது. அவன் இடத்தைப் பிடிக்க மச்சினன் ரீகன் பெட்டி கட்டிக் காத்திருந்தான். நினைக்கும்போதெல்லாம் பெர்க்மான்ஸுக்கு வயிறு எரிந்தது.

பயிற்சிப் பள்ளி என்பது ஒரு ஷெட்டு, ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய். வாத்தியார் சாலமோன் காலையிலேயே நாலு சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டு மேசையில் அடுக்கிவிட்டார். பாடம் அதற்கப்புறம்தான்.

"மெத்தனால் தீ பகல்ல கண்ணுக்கே தெரியாதுடே. தெரியலன்னு சும்மா இருந்துராதீங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அதோடு பாடம் முடிந்தது.

நாலு பேரும் முற்றத்தை உற்றுப் பார்த்தார்கள்.

"தீ தெரியுதாலே?" என்றான் பெர்க்மான்ஸ்.

"ஒரு பொட்டுகூடத் தெரியலண்ணே," என்றான் நாலு பேரில் இளையவன் லெரின்.

"ஐயையோ, அப்ப எல்லா இடத்துலயும் பிடிச்சிருக்கு!"

குழாயைத் திறந்து நாலா பக்கமும் பீய்ச்சினார்கள். முற்றம் நனைந்தது, வேப்பமரம் நனைந்தது, வாத்தியாரின் பைக்கும் நனைந்தது.

"இப்பத் தெரியுதா?"

"இப்பவும் தெரியல."

"அடங்காம எரியுதுலே! ஜன்னல் வழியா அடி!"

ஷெட்டுக்குள் பாய்ந்த தண்ணீர் சுவிட்சு போர்டில் பட்டது. படபடவென்று பொறி பறந்து மேசையில் விழுந்தது. காகிதங்கள் மஞ்சள் மஞ்சளாக எரிய ஆரம்பித்தன.

"அண்ணே, இந்தத் தீ தெரியுதே!"

பெர்க்மான்ஸ் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். "நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப இது மெத்தனால் இல்ல. நமக்கு அந்தப் பாடம் எடுக்கல. குழாயை மூடு."

நனைந்த உடம்போடு நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தபோது சான்றிதழ்கள் சாம்பலாகியிருந்தன. ரீகன் கப்பலில் ஏறிக் கையாட்டுவது பெர்க்மான்ஸின் கண்முன் வந்தது. அழுதே விட்டான். அழுதுகொண்டிருக்கும்போதுதான் லீவில் போயிருந்த மூளை திரும்பி வந்தது.

திங்கட்கிழமை துறைமுகத்தில் அதிகாரியிடம் ஒரு வெறும் பிளாஸ்டிக் கவரை நீட்டினான்.

"எங்கப்பா சான்றிதழ்?"

"உள்ளதான் இருக்கு சார். மெத்தனால் சான்றிதழ். பகல்ல கண்ணுக்குத் தெரியாது."

அதிகாரியும் அதே ஷெட்டில் படித்துத் தேறியவர். கவரை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ஏறு. ஆனா உங்க வாத்தியார்கிட்டச் சொல்லு, கையெழுத்து ரொம்பக் கிறுக்கலா இருக்கு."