உடையப்பரின் நட்சத்திரக் குளம்

அந்தக் காலத்தில், எல்லா உயிர்களும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, வானம் ஏணிக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. நட்சத்திரங்கள் கடுகு சிந்தியதுபோல எங்கும் இறைந்து கிடந்தன. அவை உடையப்பர் என்ற செல்வர் கண்ணில் பட்டதுதான் வினை. தந்தம், புலிப்பல், வலம்புரி என்று வீடு கொள்ளாமல் சேர்த்தவர் அவர். ஆசைக்கு அளவேது? நட்சத்திரங்களையும் ஒன்று விடாமல் பறித்தார். உலகம் முடிகிற கடற்கரையில், வெறும் ஆகாயத்தை ஒட்டி ஒரு குளம் வெட்டி, அதில் மிதக்கவிட்டார்.

அந்தக் கரையில்தான் ஓர் ஆமை முட்டையிட்டிருந்தது. பிறந்த குஞ்சுகளுக்கு வெளிச்சத்தைப் பார்த்து நடக்க மட்டுமே தெரியும். கடல்மேல் நட்சத்திரம் மின்னினால் கடலுக்குப் போகும். இப்போதோ கடல் கன்னங்கரேலென்று கிடந்தது. ஆமை ஓடியது என்றால் நம்புவீர்களா? அன்று உடையப்பரிடம் ஓடியது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு குடுங்க. கடல் மேல தொங்கவிட்டாப் போதும், பிள்ளைங்க பொழைச்சுக்கும்."

"ஒண்ணு குறைஞ்சாலும் குளம் மூளியாயிடும். போ, போ!"

அதற்குள் குஞ்சுகள் பொரிந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தை நோக்கி வந்தன. விடிந்து வெயில் ஏறினால் மணலிலேயே கருகிவிடும். உடையப்பர் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, இது நம்மகிட்ட இல்லையே!" என்று வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.



"ஐயா, அது என் பிள்ளை! கீழ விடுங்க!"

கேட்டால்தானே?

ஆமை குளத்துக்குள் பாய்ந்து, அடியிலிருந்த மதகுக் கல்லைக் கவ்விப் பிடுங்கியது. குளம் போனால் மனுஷன் மடியிலிருந்த குஞ்சு உட்பட எல்லாவற்றையும் போட்டுவிட்டு உயிர்பிழைக்க ஓடுவான் என்று நினைத்தது, பாவம். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஆகாயத்தில் கொட்டியது. நட்சத்திரங்களும் சேர்ந்து சுழன்றன. ஆமை தட்டுத்தடுமாறிக் கரையேறித் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, என் சொத்து!" என்று உடையப்பர் சுழலின் நடுவே குதித்தார்! இரண்டு கைகளாலும் நட்சத்திரங்களை வாரியபடியே உள்ளே போனார். மடியிலிருந்த குஞ்சும் போயிற்று.

ஆகாயத்தில் விரிந்த சுழலின் ஒளி கடல்மேல் விழுந்தது. மற்றக் குஞ்சுகள் திரும்பிக் கடலில் இறங்கின. ஆமை மட்டும் கரையிலேயே நின்று அந்தச் சுழலைப் பார்த்தது. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

அன்று முதல்தான் நம் பால்வீதி நீர்ச்சுழிபோல வளைந்து, நடுவிலுள்ள இருட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அன்று முதல்தான் முட்டையிடக் கரையேறும் ஆமையின் கண்ணில் நீர் வழிகிறது. அந்த இருட்டுக்குள் இருப்பது உடையப்பர் மட்டும் இல்லையே.