பேர் இல்லாத முதல் பக்கம்

"என் புத்தகத்துக்கு என் பேர் போட மாட்டேன்னா, இது என்னம்மா நியாயம்?"

அம்புரோஸ் கத்தினான். அச்சுக்கூடத்து ஹெப்சிபா அம்மாள் நிமிரவே இல்லை, ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். வக்கீல் தொழிலில் தேறாத அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

ஜார்ஜ் ராஜா காலத்து லண்டன் அது. ஊரே ஓர் ஒழுக்கக் கதைக்காரர் எழுதிய கதையைப் படித்து அழுதுகொண்டிருந்தது. எஜமானனிடமிருந்து கற்பைக் காப்பாற்றிக்கொண்ட வேலைக்காரி, கடைசியில் அவனையே கட்டிக்கொண்டு மாளிகைக்காரி ஆகிறாள். பாதிரியார்கள்கூடப் பிரசங்கத்தில் புகழ்ந்தார்கள், கேளுங்கள்!

அம்புரோஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே பெண்ணைக் கைகாரியாக்கி, கற்பு கற்பு என்று சொல்லியே காரியம் சாதிக்கிறவளாக எழுதிவிட்டான். ஹெப்சிபா அம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அச்சும் போட்டாள். பேரை மட்டும் போடவில்லை.

"ஊரே சிரிக்குது. எழுதினது நான்னு ஒருத்தருக்கும் தெரியலை. ஒரு தடவையாவது என் பேரை அச்சில பார்க்கணும்மா."

"அந்த அழுகைக் கதையை ஆரம்பத்திலேருந்து சொல்லு."

மடமடவென்று ஒப்பித்தான். ஒரு சொல் தவறவில்லை.

"போதும். இப்ப உன்னோடதைச் சொல்லு."

இரண்டாவது வரியிலேயே திக்கினான்.

"யார் புத்தகம்டா உன் நெஞ்சுல இருக்கு? அந்த ஆள் பேரைப் போடட்டுமா?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றான்.

"இந்தத் தடவை பொய்யே பேசாத குதிரைத் தரகன்மா. ஒழுக்கக் கதைக்காரர் மானம் கப்பலேறப் போகுது, பாருங்க!"

அவள் நின்றபடியே படித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. நொண்டிக் குதிரையை நல்ல குதிரை என்று சொல்ல வாய் வராமல், விற்காமலே அதைப் பனியில் நடத்தி வீட்டுக்குக் கூட்டிவருகிறான் தரகன். அந்த இடத்தில் மை படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரைக் கேலி பண்ணத்தானே ஆரம்பிச்சே? பாதிக்கு மேல கேலியைக் காணோமே, எங்கே?"

அம்புரோஸ் தாள்களைப் பிடுங்கிப் புரட்டினான்.

"ஐயையோ! மறந்தே போச்சும்மா. இந்த மனுஷன் அந்தக் குதிரையை எப்படி வீடு கொண்டுவந்து சேர்ப்பானோங்கிற கவலையில..."

ஹெப்சிபா அம்மாள் முதுகை நிமிர்த்தினாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. இருப்பதிலேயே பெரிய எழுத்துகள் இருந்த தட்டை இழுத்து முன்னால் வைத்தாள்.

"உன் முழுப் பேரைச் சொல்லு," என்றாள். "மெதுவா சொல்லு, கோக்கணும்."