மீதி இரண்டு

"இது பகா எண்தான் அம்மா. இனி சந்தேகமே வேண்டாம்."

பூவராகன் மடத்து வாசலிலேயே நின்று சொன்னார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கோமளவல்லி அம்மாள் அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் கணக்கில் அவருக்குக் குரு. ஒன்றை முப்பத்திரண்டு தடவை இரட்டித்து, ஒன்று கூட்டி, "இது எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா?" என்று கேட்டவர் அவர்தான்.

4,29,49,67,297.

கணக்கென்று உட்கார்ந்தால் ஊரே பற்றி எரிந்தாலும் பூவராகன் தலை நிமிராது. இந்த எண்ணிலேயே தலை நரைத்துவிட்டது.

"எல்லாத்தாலயும் வகுத்தாச்சா?"

"ஆச்சும்மா. ஒவ்வொரு தடவையும் மீதி நின்னுது."

"நடுவுல யாரும் வரலையா?"

பூவராகன் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"தம்பி வந்தான். ஒரே ஒரு தடவை."

"எதுக்கு?"

"பாகம் பிரிச்சப்போ வீட்டுக்கு நடுவுல சுவர் வெச்சோம். அதுலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. அதைப் பத்தி என்னமோ சொன்னான். எனக்குக் காதுல விழல."

"ஏன்?"

"வகுத்துட்டிருந்த எண் மறந்துடக் கூடாதே! அவன் பேசப் பேச நான் வாய்க்குள்ள அதையே சொல்லிட்டிருந்தேன். அறுநூத்தி நாப்பத்தொண்ணு, அறுநூத்தி நாப்பத்தொண்ணு... கொஞ்ச நேரம் நின்னான். போயிட்டான். போன பங்குனியில மொத்தமாவே போயிட்டான்."

அம்மாள் கணக்குப் போட வாசலில் பரப்பியிருந்த மணலைத் தடவிச் சமன் செய்து, குச்சியை நீட்டினார்.

"அந்த அறுநூத்தி நாப்பத்தொண்ணால இன்னொரு தரம் வகுங்க."

"அன்னிக்கே வகுத்தேனே அம்மா. மீதி ரெண்டு."

"வகுங்க."

வகுத்தார். தொடக்கத்தில் 4489 வந்தது. ஏழு தடவை போக மீதி இரண்டு. ஒவ்வோர் இலக்கமாக இறக்கிக்கொண்டே போனார். கடைசியில் மறுபடியும் அதே மாதிரி வந்தது. கை தானாக இரண்டு என்று எழுதப் போனது.

பாதியில் நின்றது.

இது 4489 இல்லை. 4487.

ஏழு தடவை. மீதி ஒன்றுமில்லை.

பூவராகன் குச்சியைக் கீழே வைத்தார். எத்தனை வருஷம்! அது எல்லாம்கூடப் போகட்டும். அன்று வந்து நின்ற தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். நினைவில் இல்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால்தானே இருக்கும். வாய்விட்டு அழுதார்.

அம்மாள் அழ விட்டார்.

"சுவர்?"

"அப்படியேதான் நிக்குது."

"அந்தப் பக்கம்?"

"தம்பி சம்சாரம் மட்டும்."

அம்மாள் எழுந்து போய்க் கொல்லையிலிருந்த கடப்பாரையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அவ என்ன சொல்லுவாளோ, அம்மா."

"இந்தத் தடவை கேட்டுட்டு வாங்க."