சிட்டு இரண்டு மூட்டையையும் அவிழ்த்த கதை

அந்தக் காலத்தில் உலாவிகள் வாய்விட்டுப் பேசின. மனிதர் கேட்ட இணையப் பக்கத்தைக் கைப்பேசித் திரையில் விரித்து வைப்பதுதான் அவற்றின் பிழைப்பு. அவற்றில் சிட்டு புதியவள். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலப் பறப்பாள். கட்டையன் பழையவன், மெதுவானவன்.

பக்கத்தை இயங்க வைக்கும் நிரலை அதுவரை ஒரே மூட்டையாகக் கட்டித்தான் அனுப்பினார்கள். பிறகு அதையே சின்னச் சின்னத் தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு தொகுதி தனக்கு வேண்டியதை இன்னொன்றிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். சிட்டுவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கட்டையனுக்கோ ஒரு மண்ணும் புரியவில்லை. பாவம், அவனை நம்பியும் எத்தனையோ பேர் இருந்தார்களே! அதனால் தொகுதிகளோடு பழைய மூட்டையையும் சேர்த்து அனுப்பி, அதன்மேல் "தொகுதி தெரிந்தவர் இதைத் தொடவேண்டாம்" என்று எழுதி வைத்தார்கள்.

ஒருநாள் மரகதத்தின் கணவனை வயலில் பாம்பு காலில் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று பார்க்க, அவள் தன் கைப்பேசியில் இருந்த சிட்டுவைக் கூப்பிட்டாள்.

"சீக்கிரம் தாயி, சீக்கிரம்!"

சிட்டு மூட்டைமேல் இருந்த எழுத்தை எங்கே படித்தாள்? "எனக்குத் தெரியாததா? ரெண்டையும் ஓட்டினா இன்னும் வேகம்தானே" என்று தொகுதிகளையும் ஓட்டினாள், மூட்டையையும் அவிழ்த்து ஓட்டினாள்.

பக்கம் வந்தது. ஆஸ்பத்திரிப் பெயர்கள் ஒரு பொத்தானுக்குள் மடிந்திருந்தன. ஒருமுறை தொட்டால் விரியும், மறுமுறை தொட்டால் மூடும். மரகதம் தொட்டாள். தொகுதி நிரல் விரித்தது. அதே தொடலைக் கேட்ட மூட்டை நிரல் அந்தக் கணமே மூடியது. மறுபடி தொட்டாள். மறுபடியும் அதே கதைதான்.

"ஏன் திறக்க மாட்டேங்குது? அவருக்குக் கண்ணு சொருகுதே!"

அவசரத்தில் ஓட்டிய இரண்டையும் இனி நிறுத்தவும் சிட்டுவால் முடியவில்லை. மரகதத்தின் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செல்லமுத்து தன் பழைய கைப்பேசியோடு ஓடிவந்தான். அதில் இருந்தவன் கட்டையன்.

"அண்ணே, நீயாவது திற!" என்று கதறினாள் சிட்டு.

கட்டையன் புரியாத தொகுதிகளை அப்படியே விட்டுவிட்டு, தன் மூட்டையை மட்டும் அவிழ்த்தான். தொட்டதும் பெயர்கள் விரிந்தன. செல்லமுத்து வண்டியை எடுத்தான்.

மருந்து ஏறியது. உயிர் தங்கியது, தாமதத்தால் கால் தங்கவில்லை. "தெரிஞ்ச வேலைதானேன்னு தொட்டேனே!" என்று சிட்டு அழுத அழுகை மற்ற உலாவிகளுக்கெல்லாம் கேட்டது.

அன்று முதல்தான் எந்தப் புது உலாவியும், எவ்வளவு அவசரமானாலும், தனக்கல்ல என்று எழுதிய மூட்டையை அவிழ்க்கத் தெரிந்தும் அவிழ்க்காமல் போகிறது.