யானைக் குறி தொட்ட ஆறு

முன்னொரு காலத்தில் செவ்வாறு பாய்கிற வெண்ணாவல் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மனதில் ஓர் ஆசை வந்துவிட்டால் அந்த நிமிஷமே நடந்தாக வேண்டும்.

ஒரு கோடையில் பெரிய கப்பல் ஒன்றைச் செய்து முடித்தார்கள். உடனே அரண்மனைப் பெண்கள், பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு துறைமுகம் வரை போய்வரக் கிளம்பிவிட்டான் ராஜா.

மந்திரி சோமநாயகர் குறுக்கே வந்தார். "மகாராஜா, படித்துறையில் நட்டிருக்கும் மரத்தூணைப் பாருங்கள். தண்ணீர் அதில் செதுக்கிய மீன் குறியில்தான் நிற்கிறது. மேலே இருக்கும் யானைக் குறியைத் தொட்டால்தான் பெரிய கப்பல் போகலாம். இப்போது போனால் வழியில் பாறை தட்டிக் கவிழ்ந்துவிடும்."

"நான் எதைச் சொன்னாலும் வேண்டாம் என்பீரே!" ராஜாவின் முகம் சுருங்கியது.

மந்திரி பதவி மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த பிரபு ஒருவர் சபையில் இருந்தார். கனகசபாபதி என்று பெயர். "நாளைக் காலை வந்து பாருங்கள், மகாராஜா. தங்கள் ஆசைக்கு ஆறு இணங்காமலா போகும்?" என்றார் அவர்.

மறுநாள் வந்து பார்த்தால், தண்ணீர் யானைக் குறியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது!

"என்ன மந்திரியாரே, இப்போது என்ன சொல்கிறீர்?" என்றான் ராஜா. பிள்ளைகள் கும்மாளமாகக் கப்பலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சோமநாயகர் படியிறங்கித் தண்ணீரருகே போனார். ஒரு பூவை ஆற்றில் போட்டார். அது அசைந்து அசைந்து மெல்லப் போயிற்று. ஆறு பெருகியிருந்தால் இழுத்துக்கொண்டல்லவா ஓடும்? யாரோ தூணை அடித்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஆனால் வெறும் வாயால் சொன்னால் சாக்கு என்பார்கள்.

சட்டென்று தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தூணடியில் வீசினார். கலங்கல் தண்ணீர் அதை விழுங்கியது.

"யானைக் குறி என்றால் இரண்டு ஆள் ஆழம். சபையோரில் யார் இறங்கி மோதிரத்தை எடுக்கிறாரோ, என் பதவி அவருக்கே!"

மற்றவர்கள் பின்வாங்கினார்கள். கனகசபாபதி மட்டும் பட்டு வேட்டியோடு தொப்பென்று குதித்தார். தண்ணீர் இடுப்பளவுதான். காலால் துழாவி எடுத்து, "இதோ மோதிரம்!" என்று தூக்கிக் காட்டினார்.

"பிரபுவே, உமக்கு நீச்சல் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார் சோமநாயகர்.

"தெ... தெரியாது."

"இரண்டு ஆள் ஆழத்தில் எந்தத் தைரியத்தில் குதித்தீர்?"

கனகசபாபதி தூணைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "ஆள் வைத்து நான்தான் தூணை இறக்கினேன். மன்னிக்க வேண்டும்..."

ராஜா கப்பலைத் திரும்பிப் பார்த்தான். பிள்ளைகளை எல்லாம் இறக்கச் சொன்னான். மோதிரத்தை வாங்கித் தன் கையாலேயே மந்திரியின் விரலில் போட்டான். "இனி ஆற்று விஷயத்தில் உமது சொல்தான் ஆணை. நானே கேட்டாலும் மறுத்துவிடும்" என்றான்.

தூணைப் பழையபடி நட்டார்கள். தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவந்து சொல்வது கனகசபாபதியின் வேலையாயிற்று.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மகாராஜா, யானைக் குறி! யானைக் குறி!"

"இறங்கிப் பார்த்தீரா?"

"ஐயையோ, நான் மாட்டேன்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "மந்திரியாரே, இன்றைக்கு ஆழம் நிஜம்தான் போலிருக்கிறது. கப்பலை விடலாமா?"

"தாராளமாக விடலாம், மகாராஜா" என்றார் சோமநாயகர்.